வெளிவட்டச் சாலையும் நீர்வழிகளும்

(தமிழ்க் கழகக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, வடக்கு நோக்கி ஒரு தெரு செல்கின்றது. 'வால்டாக்சு ரோடு' என்பது மக்கள் வாயில் அதற்கு வழங்கும் பெயர். வாலுக்கும் வரி உண்டோ என்று கேட்டுச் சிரிக்கும் சிறுவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'வால்' என்பது மதில். 'டாக்சு' என்பது வரி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரஞ்சியரின் முற்றுகையையும் ஐதர் அலியின் குதிரைப்படையையும் கண்டு நடுங்கிய ஆங்கிலக் கும்பினியார், கோட்டைக்கு வடக்கே நம்மவர் நெருங்கி வாழ்ந்த பகுதியைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினர். 'கறுப்பர் நகர்' என்பது அப்பகுதிக்கு அவர்கள் இட்டிருந்த பெயர். மதிலுக்கான செலவை அங்கு வாழ்ந்தோர் தலையிலேயே மதில்வரியாகச் சுமத்தவும் எண்ணினர். வரித்திட்டம் கைகூடவில்லை. மதிலும் பெரும்பகுதி இடிந்தொழிந்தது. அதன் ஒரு துண்டுமட்டும் வடசென்னையில் மாடிப்பூங்கா என்ற பெயரில் இன்றும் நிற்கின்றது. மதில் போயும் வரி போயும், பொருள் விளங்காத ஒரு பெயர்மட்டும் தமிழன் நாவில் தங்கிவிட்டது.

நகரைச் சுற்றி ஒரு வளையம் இடுவது புதிய வழக்கம் அன்று என்பதற்காகவே இது முதற்கண் சொல்லப்பெற்றது. பழந்தமிழரின் அரண்நகருக்கு வெளியே காவற்காடும், அதனுள் அகழியும், அதனுள் மதிலும் வளையம் வளையமாக அமைந்திருந்தன. மதுரையை எண்ணிப் பாருங்கள். கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எனச் சுற்றுத் தெருக்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிகின்றன. தேர் வலம் வருவதற்காக அமைந்த தெருக்கள் அவை. ஊர் நடுவை நோக்கி மனம் திரும்பியிருக்க, கால்கள் சுற்றி வரும். இன்றைய சுற்றுச் சாலையோ நகருக்குள் நுழையாமல் நழுவிப் போவதற்காக இடப்பெறுவது. முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றி வரும் வலம் அது! இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. தூத்துக்குடியிலிருந்து எண்ணூர்த் துறைமுகம் செல்லும் சரக்குந்துக்குக் கிண்டியிலும் கோயம்பேட்டிலும் என்ன வேலை? அது நகருக்குள் புகுந்தால் நகருக்கும் துன்பம், ஓட்டுநருக்கும் துன்பம்.

சென்னை இதுவரை இட்டுக்கொண்ட வளையங்களைச் சற்றே எண்ணிக்கொள்வோம். முதலாவது, திருவான்மியூரில் தொடங்கி வேளச்சேரி, கிண்டி, வடபழனி, கோயம்பேடு, பாடி, மாதவரம் வழியாக வடக்கே செல்லும் உள்வட்டச் சாலை. நூறடிச் சாலை என்று மக்களாலும், சவகர்லால் நேரு சாலை என்று அரசாலும் குறிக்கப்பெறுவது அதன் பெரும்பகுதி. அது வளையமாக இடப்பட்டபொழுது நகரின் ஓரம். இன்று நகரின் நடுவயிறு. அடுத்தது தாம்பரத்தையும் புழலையும் இணைக்கும் 32 கிலோமீட்டர் நீளப் புறவழிச் சாலை. அதுவும் இன்று புறவழி அன்று. இருபுறமும் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. மூன்றாவதுதான் இவ்வுரைக்குப் பொருளாகிய வெளிவட்டச் சாலை. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் இதன் நீளம் ஏறத்தாழ 62 கிலோமீட்டர். சென்னைப் பெருநகருக்கென 1970களில் வரையப்பெற்ற முதற் பெருந்திட்டத்திலேயே இதற்கான கோடு இருந்தது. கோடு சாலையாவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. வண்டலூர் தொடங்கி நெமிலிச்சேரி வரையிலான முற்பகுதி 2014இலும், நெமிலிச்சேரி தொடங்கி மீஞ்சூர் வரையிலான பிற்பகுதி 2021இலும் திறக்கப்பெற்றன.

இச்சாலையை 'வட்டம்' என்பது தகுமா என்றொரு வினா எழக்கூடும். சென்னைக்குக் கிழக்கே கடல். ஆதலின் சென்னையில் எந்தச் சாலையும் முழு வட்டமாக இயலாது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இரு முனைகளாகக் கொண்டு மேற்கே வளைந்து நிற்கும் இது ஒரு பிறை. அல்லது ஒரு வில். 'பிறைச்சாலை' என்று பெயரிட்டிருந்தாலும் அழகாகவே இருந்திருக்கும். ஆயினும் வெளிவட்டச் சாலை என்ற பெயரைப் பழிப்பதற்கில்லை. வள் என்னும் வளைவு வேரினின்று கிளைத்த வளை, வளையம், வளாகம், வட்டம் ஆகிய சொற்கள் நம்முடையவை. அரசு அலுவலகங்களிலிருந்து வெளிவரும் சொற்கள் பலவும் வாயில் நுழையாதனவாக இருக்க, இச்சொல் எளிதாகவும் பொருள் பொதிந்ததாகவும் அமைந்துவிட்டது. புறவழிச் சாலை, மேம்பாலம், அணுகுசாலை ஆகியவும் அத்தகைய நற்சொற்களே. மேம்பாலம் என்னும் சொல்லைப் பாருங்கள். இன்று படியாதவரும் அதைத்தான் சொல்கின்றனர். தமிழில் சொல்லாக்கம் இயலாது என்போர்க்கு அந்த ஒரு சொல்லே போதிய விடை. ஆனால் பேருந்தில் ஏறி அமர்ந்து காதைத் திறந்து வையுங்கள். 'ஓ.ஆர்.ஆர்.ல போ, சர்வீசு ரோட்டுல இறங்கு' என்பதே கேட்கும். அரசு தமிழில் பெயர் இட்டும், மக்கள் ஆங்கில எழுத்துகளைச் சுமக்கின்றனர். இதற்கு யாரை நோவது?

சொல்லை இவ்வளவில் நிறுத்தி, மண்ணுக்கு வருவோம்.

இச்சாலைக்காக எடுக்கப்பெற்ற நிலத்தின் அகலம் 122 மீட்டர். அதில் 72 மீட்டர் சாலைக்கும் அணுகுசாலைகளுக்கும் நடுத்திட்டுக்கும் உரியது. எஞ்சிய 50 மீட்டர் பிற்கால வளர்ச்சிக்கென ஒதுக்கப்பெற்றது. நடுவே ஆறு வண்டித் தடங்கள். இருபுறமும் இவ்விரண்டு தடங்கொண்ட அணுகுசாலைகள். 122 மீட்டரை 62 கிலோமீட்டரால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1,870 ஏக்கர் வரும். பழைய அளவில் சொன்னால் 1,400 காணிக்கு மேல். அது எத்தகைய நிலம் என்பதே கேள்வி. பழைய செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பர். காவிரி போன்ற ஒரு பேராறு இல்லாத நிலத்தில், பெய்யும் மழையைத் தேக்கியே உழவு செய்து உலகுக்கு வழிகாட்டிய மாவட்டம் அது. அந்த ஏரிகளின் கீழ்ப்பட்ட கழனிகளின் மேல்தான் இச்சாலையின் பெரும்பகுதி கிடக்கின்றது.

ஏரி என்பது தனித்த குட்டை அன்று. தொடரின் ஒரு கண்ணி. மேற்கே உயர்ந்தும் கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்தும் கிடக்கும் இந்நிலத்தில், மேலேரி நிரம்பினால் அதன் கலிங்கல் வழியாக வழியும் மிகைநீர் கீழேரியை நிரப்பும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. இறுதியில் ஓர் ஓடை, பின்னர் ஓர் ஆறு, பின்னர் கடல். இந்தத் தொடரைக் கட்டிக் காத்தவர் ஊரார். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்றவை. ஏரிக்கென்று தனியே ஒரு வாரியம் இருந்ததை அவை சொல்கின்றன. சோழர் கால ஊரவைகளில் கழனி வாரியமும் கலிங்கு வாரியமும் இருந்தமை பிற கல்வெட்டுகளாலும் அறியக் கிடக்கின்றது. மிகைநீர் வழிவதற்கென ஒரு குழு வைத்து ஊராண்டவர் நம் முன்னோர்! வெள்ளையன் நம் நாட்டுக்கு வந்து, இந்த அமைப்பைக் கண்டு வியந்து, அதற்குத் தன் மொழியில் சொல் இல்லாமையால் நம் கலிங்கலையே 'கலிங்குலா' என்று எடுத்துத் தன் பொதுப்பணித் துறை ஏடுகளில் எழுதிக்கொண்டான். கடன் வாங்கிய மொழி எது, கொடுத்த மொழி எது என்பதை ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தெரியும்.

இப்பொழுது சாலைக்கு வருவோம். நகருக்குள் செல்லும் சாலை வேறு. நகரைச் சுற்றும் சாலை வேறு. கிழக்கு மேற்காகச் செல்லும் பூவிருந்தவல்லிச் சாலையையும் திருவள்ளூர்ச் சாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை நீர் செல்லும் திசையிலேயே செல்கின்றன. பூவிருந்தவல்லிச் சாலை நெடுந்தொலைவு கூவத்தின் ஓரமாகவே வரும். நீரும் வண்டியும் ஒரே திசையில் போவதால் ஒன்றுக்கொன்று இடையூறு குறைவு. சுற்றுச் சாலையின் நிலை அது அன்று. அது தெற்கு வடக்காகச் செல்வது. நீரோ மேற்கிலிருந்து கிழக்கே வருவது. ஆதலால் வெளிவட்டச் சாலை அடியெடுத்து வைக்கும் இடமெல்லாம் ஒரு நீர்வழியைக் குறுக்கே மிதித்தாக வேண்டும். சென்னைக்கு உரிய மூன்று ஆறுகளாகிய அடையாறு, கூவம், கொற்றலையாறு மூன்றையும் இது கடக்கின்றது. ஆறுகளைக் கடக்கப் பாலம் கட்டுவர், அதில் ஐயமில்லை. ஓடைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் சிறுபாலம் வைப்பர். ஆனால் ஒரு ஏரியின் கலிங்கல் பெருமழையில் வழியும்பொழுது நீர் வாய்க்காலுக்குள் அடங்கி ஓடுவதில்லை. கழனி முழுவதும் விரிந்து, முழங்கால் அளவில் பரந்து, மெல்ல நகர்ந்து செல்லும். அந்தப் பரப்புக்குச் சிறுபாலத்தின் வாய் போதாது. உயர்த்திய மண்மேட்டின் மேல் சாலை அமைந்தால், அந்த மேடு விரிந்து வரும் நீருக்கு ஒரு கரை. கரை கட்டினால் அதன் மேற்புறம் ஏரி. மடை இல்லாத ஏரி!

தமிழின் ஒரு சொல்லை இங்கு நினைவுகூர்தல் தகும். 'ஆறு' என்பதற்கு நீரோடும் ஆறு என்றும், மக்கள் நடக்கும் வழி என்றும் இருபொருள் உண்டு. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்தும் பாட்டு. வழிப்பறிக் கள்வரை ஆறலைப்போர் என்றனர். நீர் தனக்கென அறுத்துச் செல்லும் வழியும் மாந்தன் தன் கால்களால் அறுத்துச் செல்லும் வழியும் ஒரு தன்மையன என்று கண்டவன் தமிழன். இரண்டுக்கும் ஒரு சொல்லை வைத்தவன், ஒன்றை அடைத்து மற்றொன்றை அமைக்க ஒருப்பட்டிருக்க மாட்டான். சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் முடிச்சூருக்குச் சென்று வரலாம்.

முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் 2015ஆம் ஆண்டுக்கு முன் சென்னையிலேயே பலர் அறியார். அவ்வாண்டுத் திசம்பர் முதல் நாளை ஒட்டிய ஒரே நாளளவில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை கொட்டிற்று. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பெற்றதும், அடையாற்றங்கரை முழுவதும் மூழ்கியதும் நாடறிந்த செய்தி. அதுபற்றியே எல்லாரும் பேசினர். ஆனால் ஒன்றை மறந்தனர். செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் வந்து கலக்கும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேலே, ஆறு தொடங்கும் பகுதியில் இருப்பவை. செம்பரம்பாக்கத்தில் ஒரு துளி திறவாதிருந்தாலும் அவ்வூர்கள் மூழ்கியே இருக்கும். அங்கு வந்த நீர் ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய மேலேரிகளிலிருந்து வழிந்த நீர். அந்த ஏரிகளுக்கும் அவ்வூர்களுக்கும் நடுவேதான் வெளிவட்டச் சாலை வளைந்து செல்கின்றது. வீட்டின் முதல்மாடியில் பிள்ளைகளோடு ஏறி நின்று, படகுக்குக் காத்திருந்த தாய்மார்கள் அங்கு எத்தனை பேர்! கடன்பட்டுக் கட்டிய வீடு. அதில் நெஞ்சளவு சேறு.

பழியனைத்தையும் சாலையின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. அத்தகைய மழையை எந்த வாய்க்காலும் தாங்கியிராது என்பாரும் உளர். அதில் உண்மையும் உண்டு. ஏரியின் கீழ்க் கழனியை மனையாகக் கூறுபோட்டு விற்றவர் உளர், வாங்கியவர் உளர், ஒப்பமிட்டவர் உளர். நாற்பதடி வாய்க்கால் நாலடியாகச் சுருங்கியதைக் கண்டும் காணாதிருந்த ஊராரும் உளர். சாலை வந்ததனாலேயே மனைவிலை ஏறிற்று. மனைவிலை ஏறியதனாலேயே கழனி மனையாயிற்று. 'வெளிவட்டச் சாலைக்கு மிக அருகில்' என்று விளம்பரம் செய்யாத மனை வணிகன் யார்? ஆகவே சாலை செய்த கேடு அதன் மண்மேட்டால் வந்தது கொஞ்சம். அது இழுத்துக்கொண்டு வந்த கூட்டத்தால் வந்தது மிகுதி. பின்னாளில் அப்பகுதியில் மூடுவாய்க்கால்கள் வெட்டப்பெற்று, மேலேரிகளின் நீரை ஆற்றுக்குக் கொண்டுசேர்க்க வழிசெய்யப்பெற்றது. சாலையும் குடியிருப்பும் வருவதற்கு முன் எண்ண வேண்டியதை வெள்ளம் வந்தபின் எண்ணினர்.

இச்சாலையில் செல்வோர் இருபுறமும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரியும். வண்டலூரை விட்டுச் சற்று வடக்கே வந்தால், மேற்கே மணிமங்கலம். வாதாபிப் புலிகேசியைப் பல்லவன் நரசிம்மவர்மன் புறங்கண்ட களங்களுள் ஒன்று என்று கூரம் செப்பேடு அவ்வூரைப் பதிந்து வைத்துள்ளது. இன்னும் வடக்கே செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிழக்கே குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். அதைக் கடந்தால் திருமழிசை. ஆழ்வார் ஒருவர் தம் ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டு விளங்கிய ஊர். ஓர் அரைமணி நேரப் பயணத்தில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்துவிடுகின்றோம். ஆனால் வண்டியில் செல்லும் இளைஞனைக் கேட்டால் சுங்கம் எத்தனை உருவா என்று மட்டும் சொல்வான். அந்தச் சுங்கமும் பழைய செய்திதான். குறளில் அதற்கு உல்கு என்று பெயர். அதனை நீக்கிய முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு பெயர் சூட்டி மகிழ்ந்தது. அப்பெயருக்கு ஆசைப்படும் ஆட்சியாளர் இன்று எவரும் இலர்!

ஊர்ப்பெயர்கள் இந்நிலத்தின் வரைபடங்கள். தாங்கல் என முடியும் ஊரில் சிறு நீர்நிலை இருந்தது என்று பொருள். அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் ஆகிய ஊர்கள் அவ்வாறு வந்தவை. ஏரியை விழுங்கிவிட்ட பின்னும் பெயர் அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பெயர் சிதைவது வெறும் எழுத்துப் பிழை அன்று. பூவிருந்தவல்லி 'பூனமல்லி' ஆயிற்று. செங்குன்றம் 'ரெட்கில்சு' ஆயிற்று. தமிழ்ப்பெயரை மொழிபெயர்த்துவிட்டு, மொழிபெயர்ப்பையே மூலமாக்கிய விந்தை இது. 2020ஆம் ஆண்டுச் சூன் திங்களில், தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பித்தது. உள்ளம் குளிர்ந்தது. சில நாள்களிலேயே, எழுத்துக்கூட்டில் குறைகள் உள்ளன என்று அவ்வாணை திரும்பப் பெறப்பெற்றது. அறிஞர் பலர் வாழும் நாட்டில் 1,018 பெயரைப் பிழையின்றி எழுதித் தர ஆளில்லாமற் போயிற்று போலும்.

நெடுவழி அமைத்து அதில் தமிழால் வழிகாட்டுவது நமக்குப் புதிதோ? தமிழன் தன் நெடுஞ்சாலைக்கு இட்ட பெயர் பெருவழி. கோவைக்கு அருகே இராசகேசரிப் பெருவழிக்குக் கல்வெட்டு உண்டு. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக் கற்கள் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்று அவை சொல்கின்றன. அவற்றுள் ஒன்றில் தொலைவு 29 காதம். அதை எண்ணால் பொறித்ததோடு அமையாமல், இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் அக்கல்லிலேயே குடைந்து வைத்துள்ளனர். எழுத்தறியாத வண்டிக்காரன் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். இரவில் வருபவனும் தடவி அறிந்துகொள்ளலாம். வழி அமைத்தவன் அவ்வழியே நடப்பவனை எண்ணிப் பார்த்திருக்கின்றான். ஆங்கிலேயன் தன் பெருவழிக்கு 'கிராண்டு சதர்ன் டிரங்கு ரோடு' என்று பெயரிட்டான். தென்பெருவழி என்று இரண்டு சொல்லில் முடிவதை இன்றும் மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருக்கி, பொருள் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கின்றோம். அப்பெருவழியில்தான் வெளிவட்டச் சாலையின் தென்முனை தொடங்குகின்றது. அதற்கு அருகே, கிளாம்பாக்கத்தில் 2023 திசம்பர் இறுதியில் திறக்கப்பெற்ற பேருந்து முனையத்தால், தென்மாவட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் தலைநகரில் முதலில் கால்வைக்கும் இடமும் அதுவே ஆகிவிட்டது.

சாலையில் நேரும் பிற இன்னல்கள் பற்றி நீட்டி உரைக்க இது இடமன்று. இரவில் ஓரத்தே விளக்கின்றி நிற்கும் சரக்குந்துகளில் மோதி மாண்ட குடும்பங்களும் உண்டு. அகன்ற சாலையைக் கண்டதும் உந்துருளிப் போட்டி நடத்தி உயிர்விட்ட இளைஞர்களும் உண்டு. அவை காவல்துறை கண்காணித்தால் தீரும். நீர் தொடர்பான செய்தி அவ்வாறு தீராது. ஒருமுறை கட்டிய மேட்டை யாரும் கலைக்கப் போவதில்லை.

இதனை இன்று பேசுவதற்குக் கரணியம் ஒன்று உண்டு. நான்காவது வளையம் இப்பொழுது எழுந்துகொண்டிருக்கின்றது. சென்னை எல்லைச் சாலை என்பது அதன் பெயர். நல்ல தமிழ்ப்பெயர், வாழ்க! எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோயில் வழியாக மாமல்லபுரத்துக்கு அருகில் முடிவது. நீளம் ஏறத்தாழ 133 கிலோமீட்டர். வெளிவட்டச் சாலையைப்போல் இருமடங்குக்கும் மேல். ஐந்து பகுதிகளாகப் பணி பகுக்கப்பெற்றுள்ளது. இதுவும் மேற்கே வளைந்து தெற்கு வடக்காகச் செல்வதே. இன்னும் மேற்கே செல்வதால் ஏரித்தொடர்களை இன்னும் மேலேயே குறுக்கிடும். வெளிவட்டச் சாலையில் கண்டவை அனைத்தும் அங்கும் காணப்பெறும். அளவு மட்டும் பெரிது.

சாலை வேண்டா என்று சொல்லும் அறியாமை இங்கு யார்க்கும் இல்லை. வேண்டுவது இரண்டே. முதலாவது நீரின் வாய். பொறியாளர் நீரளவைக் கணக்கிடும்பொழுது நூல்களையும் மழைப் பட்டியலையும் பார்ப்பர், பார்க்கட்டும். அத்தோடு ஒவ்வோர் ஊரிலும் நீர்க்கட்டியாக இருந்த முதியவர் ஒருவர் இன்னும் இருப்பார். எந்த ஆண்டு வெள்ளத்தில் எந்தப் பனைமரம் வரை நீர் ஏறிற்று, எந்தக் கலிங்கல் எந்தக் கழனியில் பாய்ந்தது, எந்த வாய்க்கால் இருபதாண்டுகளுக்கு முன் யாருடைய மனைக்குள் மறைந்தது என்பதெல்லாம் அவர் நெஞ்சில் உள்ளன. அவர் மறைந்தால் அவ்வரைபடமும் மறையும். எல்லைச் சாலை செல்லும் ஊர்களில் வாழும் நம் அன்பர்கள் ஒரு வேலை செய்யலாம். விடுமுறை நாளொன்றில் மாணவர் நால்வரை உடன் அழைத்துக்கொண்டு, அம்முதியவரோடு ஏரிக்கரையில் நடந்து, அவர் சொல்வதை ஊர்ப்படத்தில் குறித்து, நாள் இட்டு, ஊரார் ஒப்பத்தோடு மாவட்ட ஆட்சியரிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கொடுக்கலாம். கிராம அவையில் தீர்மானமாகவும் நிறைவேற்றலாம். ஐம்பது அடி வாய் வேண்டிய இடத்தில் பத்தடிச் சிறுபாலம் வைக்கப்படுவதைச் சாலை எழுவதற்கு முன் சுட்டினால் திருத்த இயலும்.

இரண்டாவது பெயர். ஒவ்வோர் ஊர் எல்லையிலும், ஒவ்வோர் ஓடையின் பாலத்திலும், அதன் உண்மையான தமிழ்ப்பெயர் முதலில், பெரிய எழுத்தில், பிழையின்றி இருக்க வேண்டும். ஓடைக்கும் பெயர் உண்டு. அப்பெயரையும் அந்த முதியவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; ஏனெனில் வருவாய்த்துறைப் பதிவேடு பல ஓடைகளுக்கு எண்ணை மட்டுமே வைத்திருக்கின்றது. பாலத்தின் கைப்பிடிச்சுவரில் அந்தப் பெயர் ஏறுவதற்குத் தனிச் செலவு ஒன்றும் ஆகாது. திருவள்ளூர், திருப்பெரும்புதூர்ப் பகுதி அன்பர்கள் முதலில் தொடங்கலாம்; வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே ஏரிகள் வறண்டு கிடக்கும்பொழுது கலிங்கலும் மடையும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஊர்ப்படம் வட்டாட்சியர் அலுவலகத்தில் விலைக்குக் கிடைக்கும்.